எத்தனை நிமிடத்திற்கு ஒரு செய்தி?
மும்பை மழைமானிகள் கற்பிக்கும் கால இடைவெளிப் பாடம்

தாணே கழிமுகத்தைக் கடந்து நவி மும்பைக்குள் நுழையும் துறைமுக ரயில் பாதையில், வாஷிக்கு அடுத்த நிலையம் சான்பாடா. மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்ந்து வந்த தமிழ்க் குடும்பங்களில் சில, பிற்காலத்தில் இந்தக் கிழக்குக் கரைக்குக் குடிபெயர்ந்தன. எனினும் தொழிலும் கடையும் அலுவலகமும் பெரும்பாலும் பழைய கரையிலேயே உள்ளன. எனவே காலையில் கழிமுகத்தைக் கடந்து செல்வதும், மாலையில் திரும்புவதும் இவர்களுடைய அன்றாட வாழ்க்கையாகிவிட்டது.

மழைக்காலத்தில் இந்தத் திரும்பும் பயணம் எளிதன்று. சூனாபட்டி, குர்லா ஆகிய இடங்களில் தண்டவாளம் நீரில் மூழ்கினால் துறைமுகப் பாதையில் ரயில் நின்றுவிடும். மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பகுதிகளில் தண்ணீர் தேங்கினால் பேருந்தும் ஓடாது. பிற்பகல் 3 மணிக்குப் புறப்பட்டிருந்தால் வீடு சேர்ந்திருக்கக்கூடிய ஒருவர், 4 மணிக்குப் புறப்பட்டதனால் இரவு முழுவதும் வழியில் தங்க நேரிடுகிறது. அவருக்குத் தேவைப்படுவது அன்றைய மழையின் மொத்த அளவு அன்று. கடந்த கால் மணி நேரத்தில் எங்கே, எவ்வளவு பெய்தது என்ற செய்தியே அவருக்குத் தேவை. அச்செய்தி எத்தனை நிமிடத்திற்கு ஒரு முறை புறப்பட்டு வர வேண்டும் என்பது பொறியியலார் தீர்க்க வேண்டிய வினாவாகத் தோன்றலாம். உண்மையில் அது பொது நிர்வாகத்தின் வினாவாகும். பல நேரங்களில் உயிர் காக்கும் வினாவும் அதுவே.

ஒரே மழை, மூன்று கணக்கு

2005 ஆம் ஆண்டு ஜூலை 26 ஆம் நாளை மும்பை மறக்கவில்லை. மறுநாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தில் 944 மி.மீ. மழை பதிவாயிற்று. அங்கிருந்து சுமார் 25 கி.மீ. தெற்கே உள்ள கொலாபா நிலையத்தில் அதே காலத்தில் பதிவானது 74 மி.மீ. அளவே. மாநகரில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புறநகர் ரயில்கள் நின்றன. இலட்சக்கணக்கானோர் அலுவலகங்களிலும் ரயில் நிலையங்களிலும் பேருந்துகளிலும் இரவைக் கழித்தனர்.

இந்த 944 மி.மீ. மழையை வெவ்வேறு கால இடைவெளிகளில் நோக்கினால் ஒரு பெரிய உண்மை புலப்படும். 24 மணி நேரத்திற்கு ஒரே கணக்கு எனக் கொண்டால், சராசரியாக மணிக்கு 39 மி.மீ. மழை பெய்தது என்றாகிறது. பிற்பகல் 2.30 முதல் 5.30 வரையிலான 3 மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், பதிவான மழை ஏறத்தாழ 381 மி.மீ. ஆகும். அதாவது மணிக்கு 127 மி.மீ. பிற்பகல் 2.30 முதல் 3.30 வரையிலான ஒரு மணி நேரத்தை மட்டும் நோக்கினால் பெய்த மழை 190 மி.மீ.

மழை ஒன்றே. ஆயினும் இடைவெளி சுருங்கச் சுருங்க அதன் கடுமை ஐந்து மடங்காகத் தெரிகிறது. பிற்காலத்தில் மும்பையில் மணிக்கு 40 மி.மீ. என்ற அளவு எச்சரிக்கைக்குரிய எல்லையாகக் கொள்ளப்பட்டது. 24 மணி நேரச் சராசரியை மட்டும் பார்த்திருப்பின், நகரின் வரலாற்றிலேயே மிகக் கொடிய அம்மழை இந்த எல்லையைத் தொடாமலேயே கடந்து போயிருக்கும். நீண்ட இடைவெளியில் வரும் கணக்கு பொய் சொல்வதில்லை. ஆனால் உச்சத்தை மறைத்துவிடுகிறது.

இந்த உச்சத்தின் பொருளை வேறொரு கணக்கால் விளக்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். ஆகவே ஒரு ஹெக்டேர் பரப்பில் 190 மி.மீ. மழை என்பது 19 இலட்சம் லிட்டர். மும்பையின் பழைய மழைநீர் வடிகால்கள், கடல் வற்றியிருக்கும் நேரத்தில், மணிக்கு 25 மி.மீ. மழையை ஏற்கும் அளவிற்கே அமைக்கப்பட்டவை. அதாவது ஹெக்டேருக்கு 2.5 இலட்சம் லிட்டர். எஞ்சிய 16.5 இலட்சம் லிட்டரில் மண் உறிஞ்சும் சிறு பகுதி போக, மற்றவை தெருவிலும் தண்டவாளத்திலும் வீட்டிற்குள்ளும் நின்றன. அன்று பிற்பகல் ஏறத்தாழ 3.50 மணிக்கு 4.48 மீட்டர் உயர் ஓதமும் சேர்ந்துகொண்டது. நீர் வெளியேற வேண்டிய வாயில்களைக் கடலே அடைத்து நின்றது.

உழவு மழையிலிருந்து சாயும் வாளி வரை

மழையைக் கணக்கிடும் பழக்கம் தமிழ் உழவர்க்குப் புதிதன்று. ஏர் செல்லும் ஆழம் வரை மண் நனைந்தால் அதனை ‘ஓர் உழவு மழை’ என்பர். பயிர்த் தொழிலுக்கு இக்கணக்குப் போதுமானது. விதைப்பதா, காத்திருப்பதா என்ற முடிவை ஓரிரு நாட்களுக்குள் எடுத்தால் போதும். அளவையின் இடைவெளியை முடிவின் வேகமே நிர்ணயிக்கிறது என்ற விதி இங்கேயே அடங்கியுள்ளது.

இந்திய வானிலைத் துறை 1875 இல் நிறுவப்பட்டது. அதன் நிலையங்களில் அன்றாட மழையளவு காலை 8.30 மணிக்குக் கணக்கிடப்படுகிறது. முந்திய 24 மணி நேரத்தில் கருவியில் சேர்ந்த நீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்க்கும் முறை இன்றும் நம்பகமானது. பருவ மழையின் போக்கையும் ஆண்டு மழையளவையும் ஒரு மாவட்டத்தின் வறட்சியையும் அறிய இதுவே அடிப்படை. முதன்மை நிலையங்களில் மூன்று மணி நேரத்திற்கு ஒரு முறை வானிலை நோக்கப்படுகிறது. தானாகப் பதிவு செய்யும் மழைமானியில், சுழலும் உருளை மேல் சுற்றிய தாளில் பேனா முனை மழையின் ஏற்றத்தை வரைந்துகொண்டே செல்லும். ஆனால் அத்தாளை மறுநாள் எடுத்துப் படித்தால்தான் நேற்றைய உச்சம் தெரியும். பதிவு தொடர்ச்சியானது; செய்தி மட்டும் நாளுக்கு ஒரு முறை.

தானியங்கி நிலையங்களில் பெரிதும் பயன்படுவது சாயும் வாளி வகை. புனலின் கீழே ஊஞ்சல்போல் இரு சிறு வாளிகள் அமைந்திருக்கும். குறிப்பிட்ட அளவு நீர், எடுத்துக்காட்டாக 0.2 மி.மீ. மழைக்கு ஈடானது, நிரம்பியதும் ஒரு வாளி சாய்ந்து கொட்டும், மற்றது மேலெழும். ஒவ்வொரு சாய்வும் ஒரு மின் துடிப்பாகி நினைவகத்தில் எண்ணப்படுகிறது. அவ்வெண்ணிக்கை கைப்பேசி வலையமைப்பு வழியே மைய நிலையத்தை அடைகிறது. இங்கே அளத்தல், சேமித்தல், அனுப்புதல் ஆகிய மூன்றும் தனித்தனிச் செயல்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடைவெளி வைக்கலாம். தகவல் அமைப்புகளை வடிவமைப்போர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய வேறுபாடு இதுவே.

2005க்குப் பின்

மாதவ் சித்தலே தலைமையில் அமைந்த உண்மையறியும் குழு வெள்ளத்தின் காரணங்களை ஆராய்ந்தது. பேரிடர் நாளில் மாநகரின் மழையைச் சொல்வதற்குப் பெரிதும் நம்பப்பட்டவை கொலாபா, சாந்தாக்ரூஸ் ஆகிய இரு நிலையங்களே. நகரின் பல பகுதிகளில் பெய்யும் மழையை உடனுக்குடன் மாநகராட்சியின் கட்டுப்பாட்டு அறைக்குக் கொண்டுவரும் வலையமைப்பு அப்போது இல்லை. கொலாபாவின் 74 மி.மீ. அளவைக் கொண்டு குர்லாவின் நிலையை உணர இயலாது என்பதை அந்நாள் மெய்ப்பித்தது.

2006 ஜூன் மாதத்தில், பருவ மழைக்கு முன்னரே, பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வல்லுநர் துணையுடன் மாநகராட்சி 35 தானியங்கி நிலையங்களை நிறுவியது. அவற்றுள் பெரும்பாலானவை தீயணைப்பு நிலையங்களின் மாடிகளில் வைக்கப்பட்டன. இவ்விடத் தேர்வு சிந்திக்கத்தக்கது. தீயணைப்பு நிலையத்தில் நாள் முழுதும் ஆட்கள் உண்டு, மின்சாரம் உண்டு, கருவிக்குப் பாதுகாப்பும் உண்டு. அவை ஒவ்வொன்றும் 15 நிமிடத்திற்கு ஒரு முறை மழையளவைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புமாறு அமைக்கப்பட்டன. மித்தி ஆற்றில் நீர்மட்டம் அறியும் கருவியும் பொருத்தப்பட்டது. பின்னர் நிலையங்களின் எண்ணிக்கை 60 ஆக உயர்ந்தது. 2020 ஜூன் 12 இல் புவி அறிவியல் அமைச்சகமும் மாநகராட்சியும் இணைந்து உருவாக்கிய ‘ஐஃப்ளோஸ் மும்பை’ என்னும் வெள்ள எச்சரிக்கை அமைப்பு தொடங்கி வைக்கப்பட்டது.

நாளுக்கு ஒன்றாக இருந்த செய்தி, நாளுக்கு 96 ஆயிற்று. 60 நிலையங்கள் எனில் ஒரு நாளில் 5,760 செய்திகள். இந்த 15 நிமிடம் என்னும் எண்ணை மணிக்கு ஒன்றாக நீட்டியிருக்கலாகாதா? நிமிடத்திற்கு ஒன்றாகக் குறைத்திருக்கலாகாதா? இவ்வினாக்களுக்கு விடை காண நான்கு காரணிகளை ஆராய வேண்டும்.

இடைவெளியை நிர்ணயிக்கும் காரணிகள்

முதலாவது, அளக்கப்படும் பொருள் மாறும் வேகம். மணிக்கு 190 மி.மீ. வேகத்தில் பெய்யும் மழையில், ஒரு மணி நேர இடைவெளியில் அடுத்த செய்தி வருவதற்குள் 190 மி.மீ. பெய்து முடிந்திருக்கும். 15 நிமிட இடைவெளியில் 47 மி.மீ. பெய்திருக்கும். 5 நிமிட இடைவெளியில் 16 மி.மீ. மட்டுமே. பழைய வடிகால் ஒரு மணி நேரத்தில் ஏற்பது 25 மி.மீ. என்பதை நினைவிற்கொண்டால், மணிக்கு ஒரு செய்தி என்பது எச்சரிக்கையாகாது, வெள்ளத்தின் வரலாறாகவே அமையும் என்பது விளங்கும். நிலத்தடி நீர்மட்டம் இவ்வாறு ஓடுவதில்லை. அதனை 5 நிமிடத்திற்கு ஒரு முறை அளப்பதில் பயன் குறைவு.

இரண்டாவது, முடிவெடுத்துச் செயற்படத் தேவையான காலம். இதனை ஒரு மாதிரிக் கணக்கால் காட்டலாம். கன மழை தொடங்கிய 45 நிமிடத்தில் ஒரு சாலைச் சந்திப்பில் முழங்கால் அளவு நீர் தேங்குகிறது என்று கொள்வோர், போக்குவரத்தைத் திருப்பவும் நீரேற்றிகளை இயக்கவும் 25 நிமிடம் தேவை என்று கணக்கிட்டால், எஞ்சுவது 20 நிமிடம். செய்தியை அனுப்பவும் சரிபார்க்கவும் 5 நிமிடம் போகும். ஆக, செய்திகளுக்கிடையே 15 நிமிடத்திற்கு மேல் இடைவெளி இருத்தலாகாது. இடைவெளியைக் கணக்கிடும் நேர்மையான வழி இதுவே. கருவி எவ்வளவு விரைவாக அனுப்ப வல்லது என்பதிலிருந்து தொடங்காமல், கடைசி மனிதர் எப்போது நகர வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

மூன்றாவது, சங்கிலியின் மெதுவான கண்ணி. மழைமானி 15 நிமிடத்திற்கு ஒரு முறை அனுப்பலாம். மையக் கணிப்பொறி அதனை அரை மணிக்கு ஒரு முறை தொகுத்து, அறிவிப்புப் பலகை மணிக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட்டால், பொதுமக்களைப் பொறுத்தவரை அது ஒரு மணி நேரச் செய்தியே. கண்ணிகள் ஒன்றோடொன்று ஒத்திசையாதபோது தாமதங்கள் கூடிக்கொண்டே போகும். மானி 15 நிமிடம், தொகுப்பு 30 நிமிடம், பலகை 60 நிமிடம் என்றிருந்தால், மழையின் முதல் துளி பலகையை அடைவதற்கு மிக மோசமான நிலையில் 105 நிமிடம் ஆகலாம். மானியை 5 நிமிடமாக விரைவுபடுத்தினால் குறைவது 10 நிமிடமே. அதே உழைப்பைப் பலகையில் செலுத்தி அதனை 15 நிமிடமாக்கினால் குறைவது 45 நிமிடம். எனவே இடைவெளியை மாற்றுவதற்கு முன், தாமதம் எக்கண்ணியில் தங்குகிறது என்று அளந்தறிதல் இன்றியமையாதது.

நான்காவது, செலவு. தகவலின் பருமன் இன்று பெரிய செலவன்று. நிமிடத்திற்கு ஒன்றாக 60 நிலையங்கள் அனுப்பினாலும் நாளுக்கு 86,400 சிறு செய்திகளே. உண்மையான செலவு மின்கலத்தில் உள்ளது. சூரிய ஒளித் தகட்டால் மின்னேற்றம் பெறும் கருவியில், அளப்பதைவிட அனுப்புவதற்கே மிகுந்த மின்சாரம் செலவாகும். நாள் கணக்கில் மேகம் மூடியிருக்கும் ஜூலையில் மின்கலம் நலிவடைகிறது. கன மழையும் அப்போதே வருகிறது. வெயில் நாட்களில் வீணே அடிக்கடி பேசிய கருவி, பேச வேண்டிய நாளில் வாயடைத்துப் போகலாம்.

அடிக்கடி என்பதே நன்மையாகாது

குறுகிய இடைவெளி எப்போதும் சிறந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று என்பதற்கு மழைமானியே சான்று. 0.2 மி.மீ. வாளி ஒரு நிமிடத்தில் ஒரு முறை சாய்ந்தால், அதனை மணிக்கணக்கில் பெருக்கும்போது மணிக்கு 12 மி.மீ. என்று தோன்றும். அடுத்த இரு நிமிடங்களில் சாயாவிட்டால் மழையே இல்லை என்று தோன்றும். உண்மையில் பெய்வது சீரான தூறல். அதே சாய்வை 15 நிமிடக் கணக்கில் நோக்கினால் மணிக்கு 0.8 மி.மீ. என்ற அமைதியான எண் கிடைக்கும். இடைவெளி மிகச் சுருங்கினால் கருவியின் குறையே வானிலையின் மாற்றமாகக் காட்சி தரும். அதனை நம்பி எச்சரிக்கை விடுத்தால் பொய் எச்சரிக்கைகள் பெருகும். சில பொய்களுக்குப் பின் மெய் எச்சரிக்கையையும் மக்கள் பொருட்படுத்தார்.

மற்றொரு ஆபத்து, கேட்பவர்களின் நெரிசல். இதற்கு மழையைவிட்டுப் பணத்தின் உலகிற்குச் செல்ல வேண்டும். யு.பி.ஐ. என்னும் உடனடிக் கொடுப்பனவு முறையில் 2025 ஜூலை மாதத்தில் மட்டும் 1,900 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் நிகழ்ந்தன. அதே ஆண்டு ஏப்ரல் 12 இல் அம்முறை சில மணி நேரம் தடைப்பட்டது. பணம் அனுப்புவோரின் கூட்டம் அதற்கு முதன்மைக் காரணமன்று. முந்தைய பரிமாற்றங்களின் நிலை என்னவென்று வங்கி அமைப்புகள் இடைவிடாது திரும்பத் திரும்பக் கேட்ட வினாக்களே பெருஞ்சுமையாயின. கேள்விகளின் வெள்ளத்தில் கொடுப்பனவு மூழ்கியது. அதன்பின் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் கட்டுப்பாடுகளை வகுத்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல், ஒரு பயனாளர் ஒரு செயலியில் நாளொன்றுக்கு 50 முறைக்கு மேல் கணக்கு இருப்பை வினவ இயலாது. தானாகக் கழிக்கப்படும் மாதத் தவணைகள் நெரிசலற்ற நேரங்களுக்கு மாற்றப்பட்டன. கேட்பதற்கும் ஓர் அளவு வேண்டும் என்பதே இதன் பாடம்.

மழைமானி வலையமைப்பிலும் இதே நெரிசல் சிறு அளவில் ஏற்படக்கூடும். 60 நிலையங்களும் மணி 3.00, 3.15, 3.30 எனச் சரியாக ஒரே நொடியில் அனுப்ப முயன்றால், கைப்பேசிக் கோபுரமும் மையக் கணிப்பொறியும் அந்நொடியில் திணறும். மற்ற நேரம் சும்மா இருக்கும். ஒவ்வொரு நிலையத்திற்கும் சில நொடிகள் முன்பின்னாக முறை வகுத்தால் இத்தொல்லை நீங்கும்.

வங்கித் துறையின் படிப்படியான மாற்றம்

இடைவெளியைச் சிறிது சிறிதாகச் சுருக்கிச் சென்றதற்கு நாட்டின் கொடுப்பனவுத் துறை நல்ல எடுத்துக்காட்டு. தேசிய மின்னணு நிதி மாற்று முறையான நெஃப்ட் 2005 நவம்பரில் தொடங்கியது. இதில் பணம் ஒவ்வொன்றாகத் தீர்க்கப்படுவதில்லை. குறித்த நேரத்தில் சேர்ந்தவை ஒரு தொகுதியாகக் கணக்கிடப்பட்டு, வங்கிகளுக்கிடையே நிகரத் தொகை மட்டும் கைமாறுகிறது. ஒரு வங்கி மற்றொன்றுக்கு 100 கோடி தர வேண்டும், அதனிடமிருந்து 90 கோடி பெற வேண்டும் என்றால், 10 கோடி மாறினாலே போதும். தொகுதிகளுக்கிடையே இடைவெளி நீண்டால் கொடுக்கல் வாங்கல்கள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் வாய்ப்பு மிகும். தேவைப்படும் கையிருப்புக் குறையும். ஆனால் பணத்தை எதிர்நோக்கியிருப்பவர் காத்திருக்க வேண்டும்.

இவ்விரு நலன்களையும் நிறுத்துப் பார்த்து ரிசர்வ் வங்கி மாற்றம் செய்தது. மணிக்கு ஒன்றாக இருந்த தொகுதி 2017 ஜூலை 10 முதல் அரை மணிக்கு ஒன்றாயிற்று. 2019 டிசம்பர் 16 முதல் விடுமுறை நாட்களிலும் இரவிலும் இயங்கும் வகையில் நாளொன்றுக்கு 48 தொகுதிகள் ஆயின. பெருந்தொகைகளைத் தனித்தனியே உடனுக்குடன் தீர்க்கும் ஆர்.டி.ஜி.எஸ். முறை 2004 முதலே தனியாக இயங்கி வந்தது. எல்லாப் பணத்தையும் ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டியதில்லை என்ற தெளிவு இதில் காணப்படுகிறது. காசோலைத் தீர்வும் 2025 அக்டோபர் 4 முதல் தொகுதி முறையிலிருந்து தொடர் முறைக்கு மாறத் தொடங்கியது.

கடன் வாங்கியவர்களின் விவரங்களை வங்கிகள் கடன் தகவல் நிறுவனங்களுக்கு மாதம் ஒரு முறை அனுப்பி வந்தன. 2025 ஜனவரி 1 முதல் அது பதினைந்து நாட்களுக்கு ஒரு முறையாக்கப்பட்டது. சான்பாடாவில் சிறு கடை நடத்தும் ஒருவர் பழைய கடனை அடைத்த பின்னும், ஏட்டில் கடனாளியாகவே நிற்கும் காலம் இதனால் குறைந்தது. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அவரது உண்மை நிலை விரைவில் ஏறுகிறது. இங்கே நிமிடமோ மணியோ தேவைப்படவில்லை. பொருளுக்கேற்ற இடைவெளியே சரியான இடைவெளி.

சூழலுக்கேற்ப மாறும் இடைவெளி

நிலையான ஓர் எண்ணை வகுத்து ஆண்டு முழுவதும் பின்பற்றுவதைவிட, நிலைமைக்கேற்ப மாறும் இடைவெளியே சிக்கனமும் பாதுகாப்பும் தருவது. எடுத்துக்காட்டாகப் பின்வரும் ஏற்பாட்டைக் கூறலாம். கருவி எந்நேரமும் நிமிடக் கணக்கில் அளந்து தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். மழையற்ற நாட்களில், தான் நலமாக இருப்பதை அறிவிக்க மட்டும் மணிக்கு ஒரு முறை செய்தி அனுப்பும். மழை தொடங்கியதும் 15 நிமிடத்திற்கு ஒரு முறை அனுப்பும். எந்த 15 நிமிடத்திலும் 10 மி.மீ. பெய்துவிட்டால், அதாவது மணிக்கு 40 மி.மீ. வேகத்தை எட்டினால், உடனே ஒரு செய்தி அனுப்பி, அதன்பின் 5 நிமிடத்திற்கு ஒரு முறை என மாறும். மழை தணிந்து ஒரு மணி நேரம் ஆன பின்னரே பழைய இடைவெளிக்குத் திரும்பும்.

கடைசி விதி சிறியதாகத் தோன்றினும் தேவையானது. எல்லைக்கு மேலும் கீழுமாக மழை ஊசலாடும்போது, இடைவெளியும் ஊசலாடினால் கட்டுப்பாட்டு அறையில் இருப்போருக்குக் குழப்பமே மிஞ்சும். ஏறுவதற்கு ஓர் எல்லை, இறங்குவதற்கு வேறோர் எல்லை என வைப்பது நல்லது. பருவ மழை தொடங்குமுன், மே மாத இறுதிக்குள், இவ்வெல்லைகளைச் சென்ற ஆண்டின் பதிவுகளோடு ஒப்பிட்டுத் திருத்துதல் வேண்டும். இடைவெளியை மாற்றிய நாளையும் காரணத்தையும் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். இல்லையேல், பல ஆண்டுகளுக்குப் பின் பதிவுகளை ஆராய்வோர், இடைவெளி மாறியதால் தோன்றிய உயர்வை மழையே மாறியதாகக் கருதிவிடக்கூடும்.

பூச்சியமும் மௌனமும்

இடைவெளி எவ்வளவாயினும் ஒரு விதி மாறாது. ‘மழை இல்லை’ என்பதும் ‘செய்தி இல்லை’ என்பதும் வேறு வேறு. மின்கலம் இறந்துபோன நிலையம் அனுப்பாத செய்தியைக் கணிப்பொறி பூச்சியம் என்று எழுதிக்கொண்டால், நகரின் மிகக் கொடிய மழை பெய்யும் இடமே வரைபடத்தில் வறண்டு தெரியும். வர வேண்டிய செய்தி இரு முறை தொடர்ந்து வராவிடில் அந்நிலையத்தின் பெயர் தனி நிறத்தில் காட்டப்பட வேண்டும். புனலில் இலையோ சிலந்தி வலையோ அடைத்துக்கொண்டால் கருவி பூச்சியத்தை அனுப்பிக்கொண்டேயிருக்கும். அண்டை நிலையங்களோடு ஒப்பிட்டால்தான் இப்பிழை வெளிப்படும். செம்பூரில் 30 மி.மீ., குர்லாவில் 28 மி.மீ., இடையே உள்ள நிலையத்தில் பூச்சியம் என்றால், ஐயுற வேண்டியது வானத்தையன்று.

தொடர்பு அறுந்து மீண்ட பின், நினைவகத்தில் தேங்கிய பழைய கணக்குகள் ஒரே மூச்சில் வந்து சேரும். ஒவ்வொரு கணக்கும் அது அளக்கப்பட்ட நேரத்தைச் சுமந்து வர வேண்டும். வந்து சேர்ந்த நேரத்தை அன்று. இன்றேல் இரண்டு மணி நேர மழை ஒரே நிமிடத்தில் பெய்ததாகக் கணிப்பொறி அலறும். ஒரே கணக்கு இரு முறை வந்தாலும் ஒரு முறையே கூட்டப்பட வேண்டும்.

கடலின் கால அட்டவணை

தகவல் ஓட்டத்தின் இப்பாடத்தை நவி மும்பையின் நிலமே வேறு வடிவில் கூறுகிறது. 1970 இல் அமைக்கப்பட்ட சிட்கோ நிறுவனம் இந்நகரைத் திட்டமிட்டபோது, கழிமுகத்தை ஒட்டிய பகுதிகள் உயர் ஓத மட்டத்தினும் தாழ்ந்தவையாக இருந்தன. எனவே மழைநீரைத் தற்காலிகமாக ஏற்கும் தேக்கக் குளங்கள் வெட்டப்பட்டன. கடல் உயர்ந்திருக்கும்போது மடைக் கதவுகள் தாமே மூடிக்கொள்ளும். நகரின் மழைநீர் குளத்தில் தேங்கும். கடல் வற்றியதும் கதவுகள் திறந்து நீர் கழிமுகத்திற்குச் செல்லும். ஓர் உயர் ஓதத்திற்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். இந்த இடைவெளியை எந்த அலுவலரும் மாற்ற இயலாது.

இடைவெளியை மாற்ற முடியாதபோது, தேக்கிவைக்கும் கொள்ளளவைக் காக்க வேண்டும். தேக்கக் குளங்களில் வண்டலும் அலையாத்திச் செடிகளும் பெருகி அவற்றின் கொள்ளளவு குறைந்துள்ளதும், தூர்வாரும் பணி சுற்றுச்சூழல் விதிகளோடு இணங்கிச் செல்ல வேண்டியிருப்பதும் இப்பகுதி மக்கள் நன்கறிந்த சிக்கல். மழைமானியின் நினைவகமும் இத்தகையதொரு குளமே. தொடர்பு துண்டிக்கப்படும் மிக நீண்ட காலத்திற்குப் போதுமான இடம் அதில் இருத்தல் வேண்டும். அடிக்கடி அனுப்ப இயலாத இடத்தில் அதிகம் சேமிக்க இயல வேண்டும்.

மழைச் செய்தியும் ஓத அட்டவணையும் ஒரே பலகையில் இணைந்து காட்டப்படும்போதே இரண்டிற்கும் முழுப் பயன் உண்டு. மணிக்கு 40 மி.மீ. மழை, கடல் வற்றியிருக்கும் காலையில் ஒரு தொல்லை. அதே மழை 4.5 மீட்டர் ஓதம் எழும் பிற்பகலில் ஒரு பேரிடர். ஆகவே உயர் ஓதத்திற்கு முன்னும் பின்னும் உள்ள சில மணி நேரங்களில், மழை எல்லையைத் தொடாவிட்டாலும்கூட, செய்தியின் இடைவெளியைச் சுருக்கி வைப்பது முன்னெச்சரிக்கை.

செய்ய வேண்டியவை

நாட்டின் பல நகரங்கள் தானியங்கி மழைமானிகளை நிறுவி வருகின்றன. 2015 டிசம்பர் தொடக்கத்தில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்ததைக் கண்ட சென்னைக்கும், ஏரிகள் சூழ்ந்த பிற ஊர்களுக்கும் மும்பையின் அனுபவம் பயன்படும். கருவிகளை வாங்குவது எளிது. எத்தனை நிமிடத்திற்கு ஒரு முறை என்ற எண்ணை, விற்பவர் வைத்துக் கொடுத்தபடியே விட்டுவிடுவது அதனினும் எளிது. அவ்வெண்ணை நிர்வாகம் தானே ஆராய்ந்து வகுத்தல் வேண்டும். எவர், என்ன முடிவை, எவ்வளவு நேரத்திற்குள் எடுக்க வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுதல். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் தாமதத்தை அளத்தல். அமைதியான நாளுக்கும் ஆபத்தான நாளுக்கும் வெவ்வேறு இடைவெளி வகுத்தல். மௌனத்தைப் பூச்சியமாகக் கொள்ளாதிருத்தல். ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்தல். இவ்வைந்தும் பெரும் பொருட்செலவின்றிச் செய்யக்கூடியவை.

மாட்டுங்காவில் பிற்பகலில் வானம் கறுக்கும்போது, கழிமுகத்தின் மறுகரையில் பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளைகளை எண்ணி ஒரு தாய் கடிகாரத்தைப் பார்க்கிறார். குர்லாவில் தண்டவாளம் மூழ்குமுன் அவர் ரயிலேற வேண்டும். கட்டுப்பாட்டு அறையின் பலகையில் தோன்றும் எண் பத்து நிமிடம் முந்தியதா, இரண்டு மணி நேரம் முந்தியதா என்பது, அவர் அன்றிரவு சான்பாடாவில் இருப்பாரா, வழியில் ஏதோ ஒரு நடைமேடையில் இருப்பாரா என்பதை முடிவு செய்கிறது. தகவலின் கால இடைவெளியை வகுக்கும் அலுவலர், தம் முன்னுள்ள அட்டவணையில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுவதில்லை. அத்தாய் வீடு திரும்புவதற்கான நேரத்தையும் அவரே வகுக்கிறார்.